அந்த மாதம் தறி நிற்கவில்லை

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தறிச் சத்தம் நின்றுபோனால் யாரும் உள்ளே வந்து காரணம் கேட்க மாட்டார்கள். சாவு என்றால் அழுகை கேட்கும். பட்டு தீர்ந்துபோயிற்று என்றால் ஆம்பளைகள் வெளியே வந்து நின்று பீடி பிடிப்பார்கள். இரண்டும் இல்லாமல் மூன்று நாள் சத்தம் வரவில்லை என்றால், அந்த வீட்டு மருமகள் தூரமாகிப் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். என் மாதக் கணக்கு எனக்கே மறந்தாலும் தெருவுக்கு மறக்காது. அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. காஞ்சிபுரத்தில் தறி வீட்டில் பிறந்து தறி வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். எனக்கு அது கோயில் மணி மாதிரி பழகின விஷயம். அந்தச் சத்தத்தை வைத்தே என்னைக் கொல்லப் பார்ப்பார்கள் என்றுதான் தெரியவில்லை.

கோர்வைப் புடவை நெய்யத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழியில் காலை விட்டு நடுவில் உட்கார்ந்து உடம்பை நெய்வார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் சுற்றின தனி நாடா தள்ளுவார். பக்கத்து ஆள் எழுந்துபோனால் நடுவில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எங்கள் வீட்டில் நடுவில் உட்காருவது என் வீட்டுக்காரர். அவர் அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் பெங்களூருக்குத் தறி வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதனால் என் மாமியார் குழியில் இறங்கினாள். ஆம்பளைக்குச் சமமாய் நெய்வாள். அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். அவள் நடுவில், நான் கரையில். இரண்டு பொம்பளை, ஒரு தறி. மாமனார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு அப்போது பிள்ளை குட்டி இல்லை.

ஆவணி மாதம் எங்களுக்கு அம்மன் புடவை வந்தது. நவராத்திரிக்குச் சாத்த யாரோ ஒரு பெரிய வீட்டார் வேண்டிக்கொண்டது. பட்டுக்கடை முதலாளி அதை எங்களுக்குக் கொடுத்தார். அம்மன் புடவை தறியில் இருக்கிறவரை வீட்டில் கவிச்சி கிடையாது. தினம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் நாடாவைத் தொட வேண்டும். மாமியார் தெருவில் நடக்கிற நடையே மாறிப்போனது. "எங்க தறியில இப்போ அம்மா இருக்கா" என்று தண்ணீர்க் குழாயடியில் எல்லோரிடமும் சொல்லிக்கினு வந்தாள்.

பாதி ஏறும்போது நான் தூரமானேன். எழுந்து பின்பக்கம் போகப் பார்த்தேன்.

"எங்கேடி போறே?"

"உக்காரணும் அத்தை."

"இன்னும் முந்தி வேலை முழுசா கெடக்குது. மூணு நாள் தறி நின்னா நவராத்திரிக்கு யாரு கொடுக்கிறது? உக்காரு. யாருக்குத் தெரியப் போவுது?"

"அம்மன் பொடவை அத்தை."

"அம்மனும் பொம்பளதாண்டி. அவளுக்குத் தெரியாததா? நாடாவை எடு."

உட்கார்ந்தேன். அவள் சொன்னது சரி என்று எனக்கு அன்றைக்கும் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது. சொன்னவளுக்குத்தான் அது சரி என்று தோன்றவில்லை. அது பிற்பாடு தெரிந்தது.

அதற்கு அப்புறம் மூன்று வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் தொப்புளைச் சுற்றிப் பிசைந்தது. வாந்தி வந்தது. மத்தியானம் ஆக ஆக வலி இறங்கி வலது பக்கம் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. காலை நீட்ட முடியவில்லை. மறுநாளும் அப்படியே. மாமியார், "வயிறு கட்டிக்கினு இருக்குது, வேற ஒண்ணுமில்ல" என்று விளக்கெண்ணெயைச் சுடுதண்ணியில் கலந்து கொண்டுவந்து மூக்கைப் பிடித்து ஊற்றினாள். அடிவயிற்றிலும் விளக்கெண்ணெய் தடவி, வழித்து வழித்து விட்டாள். நான் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ அவிழ்ந்த மாதிரி இருந்தது. வலி நின்றது. அடியோடு நின்றது. எனக்கே நம்ப முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தேன்.

"பார்த்தியா?" என்றாள் மாமியார். "டாக்டரு டாக்டருன்னு முனகினியே. என் கையை விடவா டாக்டரு? வா, ரெண்டு விரக்கடையாவது ஏத்தலாம்."

போய் உட்கார்ந்து நாடாவும் தள்ளினேன். அந்த வலி நின்றது நல்லதற்கு இல்லை, உள்ளே அழுகினது உடைந்துபோனதால் நின்றது என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலி நின்றதும் எங்கள் வீட்டில் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினோம். அந்த நேரத்தில் சீழ் என் வயிறு முழுக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

சாயந்திரம் வயிறு பலகை மாதிரி ஆயிற்று. மூச்சு விட்டால் வலி, இருமினால் வலி. உடம்பு அனலாய்க் கொதித்தது. அந்தச் சமயம் முதலாளியம்மா வந்தாள். புடவை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வந்தவள், தறிக்குப் பக்கத்தில் நான் சுருண்டு கிடப்பதைப் பார்த்துத் தன் வீட்டுக் காரை வரவழைத்தாள். கார் கொடுத்தது அவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் காரிலேயே அவளும் ஏறிக்கொண்டாளே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தாள். வயசு குறைச்சல்தான். வயிற்றைத் தொட்டாள், நான் அலறினேன்.

"கடைசியா எப்போ தூரமானே?"

"மூணு வாரம் ஆவுதும்மா."

கேட்டது என்னை. நான் சொன்ன பதிலை வெட்டிப் பேசினது முதலாளியம்மா. "அது எப்படி? போன மாசம் உங்க வீட்டுத் தறி நிக்கவே இல்லியே. நான் தினம் அந்தப் பக்கம்தானே போறேன். இவ உக்காரவே இல்ல டாக்டர்." அதோடு இதையும் சேர்த்தாள்: "வீட்டுக்காரரும் ஊர்ல இல்ல. பொங்கலுக்கு அப்புறம் வரலே."

டாக்டரம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். "உண்மையைச் சொல்லுங்கம்மா. மருமக போன மாசம் தூரமானாளா, இல்லையா?"

என் மாமியாருக்குத் தெரியும். உலகத்தில் என்னைத் தவிர அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். "ஆமா" என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால், ஏன் தறி நிற்கவில்லை என்று முதலாளியம்மா கேட்பாள். அம்மன் புடவை தீட்டோடு நெய்தது என்று வெளியே வரும். பக்கத்தில் நிற்கிற முதலாளியம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"நான் கவனிக்கலையேம்மா. உக்காந்த மாதிரி தெரியலே."

நான் வாய் திறக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கத்தினேன். "வந்துச்சு அத்தை! வந்துதான் தறியில உக்காந்தேன், நீங்கதானே உக்காரச் சொன்னீங்க!"

மாமியார் என் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தாள். "ஜுரத்துல உளறுது பாவம்" என்றாள்.

அந்தப் 'பாவம்' என்கிற சொல்லை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

அப்புறம் என்ன? பிள்ளையைக் கலைத்துக்கொண்டு வந்தவள் என்று முடிவு செய்துவிட்டார்கள். பிரசவ வார்டில் ஒரு மூலையில் போட்டார்கள். "எவ கிட்ட போனே? எருக்கங்குச்சியா? சொன்னாத்தான் வைத்தியம் பண்ண முடியும். போலீசுக்கு எழுதட்டுமா?" அந்தக் காலத்தில் அதற்குப் போலீஸ் கேஸ் உண்டு. நான் இல்லை இல்லை என்றேன். இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்களுக்கு நான் பெரிய கள்ளியாகத் தெரிந்தேன். என்னை எப்படிச் சோதித்தார்கள் என்பதை எழுத மாட்டேன். அதற்கு என் கை வராது. சோதித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு ஊசி போட்டுவிட்டுப் போனார்கள். சுற்றிலும் பிள்ளை பெற்றவர்கள், பெறப்போகிறவர்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுடைய தாய் தன் மகளின் கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னாள். என் காற்று பச்சைப்பிள்ளை மேல் படக்கூடாதாம்.

மறுநாள் காலை நாடி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துப் பயந்து பெரிய சர்ஜனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் வயசானவர், முசுடு. வந்ததும், "இங்க இவ்வளவு பேரு எதுக்கு? வெளியே போங்க" என்று மாமியாரையும் சேர்த்து விரட்டினார். என் கட்டில் பக்கத்தில் நின்றார்.

"வலி முதல்ல எங்கம்மா ஆரம்பிச்சுது?"

வந்ததிலிருந்து என்னைப் பார்த்து என் வலியைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்காக நான் அழவில்லை.

"தொப்புள் கிட்ட சார். அப்புறம் இங்க வந்துச்சு. நடுவுல ஒரேடியா நின்னுடுச்சு."

"பேதிக்கு ஏதாச்சும் குடிச்சியா?"

"வெளக்கெண்ணெய் ஊத்துனாங்க. வழிச்சும் விட்டாங்க."

அவர் வலது பக்கம் மெதுவாய் அழுத்தினார். அழுத்தும்போது பொறுத்துக்கொண்டேன். கையைச் சட்டென்று எடுத்தபோதுதான் உயிர் போயிற்று. அவர் திரும்பி டாக்டரம்மாவிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தலை குனிவது எந்தப் பாஷையிலும் ஒன்றுதான்.

குடல்வால் அழுகி உடைந்திருக்கிறது, வயிறு பூராச் சீழ், உடனே அறுத்துக் கழுவ வேண்டும் என்றார். மாமியாரைக் கைநாட்டு வைக்கக் கூப்பிட்டார்கள்.

"எம் புள்ள வரட்டும். நான் எப்படி வெக்கிறது? வயித்தைக் கிழிச்சா நாளைக்குப் புள்ள பெத்துக்குவாளா?"

"உங்க புள்ள வர்றதுக்குள்ள இந்தப் பொண்ணு இருக்க மாட்டா" என்றார் சர்ஜன்.

"நான் வெக்கிறேன் கொடுங்க" என்றேன் நான். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். என் பேரை எழுதத் தெரியும். கைநாட்டு வைக்கவில்லை, எழுத்து எழுத்தாய்க் கூட்டி எழுதினேன். என் வயிறு. என் பேர்.

மூக்கில் ஈதரோ என்னவோ வைத்தார்கள். இனிப்பாய்க் குமட்டுகிற வாசனை. முழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கையில் குளுக்கோஸ், வயிற்றின் பக்கத்தில் ரப்பர் குழாய். அது வழியாய்ச் சீழ் வந்துகொண்டே இருந்தது. அந்த நாற்றம் என் உடம்பிலிருந்து வருகிறது என்று தெரிந்தபோது எனக்கு அருவருப்பு வரவில்லை. போ, எல்லாம் வெளியே போ என்றுதான் நினைத்தேன். நாலு வேளையும் பென்சிலின், இன்னொரு ஊசி வேறே, உட்கார இடமில்லாமல் குத்தினார்கள். தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது. நர்ஸம்மா பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பாள். அந்தப் பஞ்சைக் கடித்து உறிஞ்சப் பார்த்து அவளிடம் திட்டு வாங்கினேன்.

சர்ஜன் தினம் வந்து, காதில் மாட்டுகிற குழாயை வயிற்றில் வைத்துக் கேட்பார். "காத்து போச்சா?" என்பார். குடல் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழியாம். எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஆபரேஷன் வார்டில் எதிர்க் கட்டிலில் வாலாஜாபாத் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு அடங்காத வாய்.

"இன்னாக்கா, இன்னும் விடலியா? ஊரே காத்துக்கினு இருக்குது."

"சிரிக்க வெக்காதடி, தையல் பிரியுது."

ஒரு நாள் விடிந்ததும் அது போனது. நான் சொல்வதற்கு முன்னால் அவளே கையைத் தட்டி, "சிஸ்டர்! அக்கா பாஸு!" என்று கத்தினாள். அந்த வார்டில் நான் சிரித்தது அப்போதுதான். அன்றைக்கு எனக்கு நாலு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார்கள்.

அத்தோடு முடியவில்லை. மறுபடி ஜுரம் ஏறிற்று. உள்ளே இன்னொரு இடத்தில் சீழ் கட்டிக்கொண்டதென்று திரும்பவும் திறந்து எடுத்தார்கள். புண்ணை மூடாமல் விட்டு, தினம் கட்டுத்துணியை உள்ளே திணித்து இழுப்பார்கள். இழுக்கும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். என் தழும்பு இன்றைக்கும் ஒரு விரல் உள்ளே போகிற ஆழம்.

சர்ஜன் மாமியாரைக் கூப்பிட்டு என் எதிரிலேயே சொன்னார். "கர்ப்பப்பை சுத்தமா இருக்குது. கர்ப்பமும் இல்ல, கலைக்கவும் இல்ல. உங்க விளக்கெண்ணெய்தான் இவளைச் சாகடிக்கப் பார்த்துது. புரியுதா?" மாமியார் புரியுது என்று தலையாட்டினாள். டாக்டரம்மா ஒரு நாள் வந்து கால்மாட்டில் நின்று, "ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சர்ஜன் சொன்னதை மாமியார் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சொல்வாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. "பொழைச்சுக்கினா, அம்மன் புண்ணியம்" என்று மட்டும் சொல்லிப் பெருமூச்சு விட்டிருக்கிறாள். அந்தப் பெருமூச்சைத் தெரு தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டது. மாமியார் எவளோ ஒருத்தியைக் கரைக்கு உட்காரவைத்து அம்மன் புடவையை முடித்துக் கொடுத்தாள். நவராத்திரிக்கு அம்மன் அதைக் கட்டிக்கொண்டாள். ஊரே அழகு என்றதாம். நான் கட்டுத்துணியோடு படுத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து வந்தார். ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாய்ச் சொன்னார். "எதுவா இருந்தாலும் சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். தனியா விட்டுட்டுப் போனது என் தப்பு."

மன்னிக்க வந்துவிட்டார். செய்யாததை மன்னிக்க! அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. "உங்க அம்மாவைக் கேளுங்க" என்று கையை உருவிக்கொண்டேன். அவர் கேட்டாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பவும் பெங்களூருக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து நிமிர்ந்து நடக்க வெகு நாள் ஆயிற்று. குழாயடிக்குப் போனால் பேச்சு நிற்கும். ஒருத்தி தன் பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். நான் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் விடாமல் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். தலையைக் குனிந்ததில்லை.

தை பிறந்தது. கல்யாணப் புடவை ஒன்று தறியில். முதலாளியம்மாவின் தங்கை மகளுக்கு. நான் மறுபடி கரைக்கு உட்கார ஆரம்பித்திருந்தேன். சீக்கு விழுந்ததிலிருந்து எனக்குத் தூரம் நின்றுபோயிருந்தது. அன்றைக்கு நாடா தள்ளிக்கொண்டிருக்கும்போது வந்தது. நாடாவை வைத்துவிட்டு எழுந்தேன்.

மாமியாருக்குப் புரிந்துவிட்டது. "உக்காருடி. முகூர்த்தம் கிட்ட வந்துடுச்சு. யாருக்குத் தெரியப் போவுது?"

அதே சொல். ஒரு எழுத்து மாறாமல் அதே சொல்.

நான் பின்பக்கம் போகவில்லை. தெருக்கதவை விரியத் திறந்து, வாசல்படிக்கு உள்ளே, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கோணியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னாடி இது கூத்து? உள்ள வா!"

"தறி நிக்கட்டும் அத்தை. தெரு கேக்கட்டும்."

கெஞ்சினாள், வைதாள், குழியில் இறங்கித் தனியாய் உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் மத்தியானம் முதலாளியம்மா வந்துவிட்டாள். "ஏன் தறி நிக்குது? எங்க வீட்டுப் பொடவைக்கா நிக்கணும்?"

"நான் தூரம்மா" என்றேன் நான். "என்னை உக்கார வெச்சு நெய்யலாமான்னு எங்க அத்தையைக் கேளுங்க. அவங்களுக்குத்தான் அது பழக்கம்."

முதலாளியம்மா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் குழிக்குள் நின்று பாவு நூலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க அத்தை. சொன்னா இப்பவே எழுந்து குளிச்சுட்டு வந்து உக்காரறேன்."

தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆவணியிலயும் வந்துச்சு. நான்தான் உக்கார வெச்சேன்."

நான் முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் பேசினதை நினைத்து வாடும் என்று பார்த்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஓடிவந்து, என்னைத் தாண்டி, தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"மெதுவா பேசு! யார் காதுலயாவது விழுந்துடப் போவுது. அம்மன் பொடவை, எங்க கடைப் பேரு போயிடும். இதை ரெண்டு பேரும் வெளியே விடக்கூடாது, ஆமா!"

என் பேர் கெட்டபோது ஊரே காதைத் திறந்து வைத்திருந்தது. அது நேரானபோது கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தழும்பு இழுக்க இழுக்கச் சிரித்தேன்.

சொன்னால் உட்காருகிறேன் என்று சொன்னேன் அல்லவா? அவள் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள் என்று நினைத்துச் சொன்னது அது. நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். கதவைத் திரும்பவும் திறந்துவிட்டு, கோணியில் உட்கார்ந்தேன். முதலாளியம்மா சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என்னைத் தொடாமல் தாண்டிப் போனாள்.

மூன்று நாளும் தறி நின்றது.